நாற்காலிக் கால்

சாமான் ஏற்றிய வேன் வெளியே நிற்க, காலியான கூடத்தில் அக்காவும் தம்பியும் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். மறைந்த அப்பாவின் கேரம் பலகை மட்டும் இன்னும் பங்கிடப்படவில்லை. இருவருக்கும் அது வேண்டும். சின்ன வயதுப் பந்தயமே தீர்ப்பு: தரையில் சுண்டிவிடும் ஸ்ட்ரைக்கர் வாசற்படியைத் தாண்டாமல் யாருடையது அதன் மிக அருகே நிற்கிறதோ, அவருக்கே பலகை. மாலை வெயில் தரையில் நீளமாகக் கிடக்கிறது. தம்பி சும்மா சுண்டிப் பார்க்கிறான். இரண்டு டைல் ஓடி நிற்கிறது. “வாசப்படி எட்டு டைல். நாலு மடங்கு வேகம் வேணும்க்கா.” “ரெண்டு மடங்கு போதும்டா. வேகம் ரெண்டு மடங்கானா இயக்க ஆற்றல் நாலு மடங்கு, ஓடுற தூரமும் நாலு மடங்கு. பஸ் ஓட்டுறே, பிரேக் அடிக்கிறப்போ தெரியாதா?” “அங்க என் காலே கணக்கு போட்டுக்கும், டீச்சரம்மா.” அவன் சுண்டியது படியைத் தாண்டி வெளியே போய் விழுகிறது. அக்கா சிரித்தபடி எடுத்து வந்து, கணக்காகச் சுண்டுகிறாள். அதுவும் வெளியே. விரல்களுக்குப் பழைய வேகம்தான் பழக்கம். அப்போதெல்லாம் வாசலோரம் அப்பாவின் நாற்காலி இருக்கும். எவ்வளவு வேகமாகப் போனாலும் ஸ்ட்ரைக்கர் அதன் காலில் ‘டொக்’கென்று முட்டி நின்றுவிடும், அப்பா பேப்பரிலிருந்து கண்ணெடுக்காமல் பாதத்தைத் தூக்கிக்கொள்வார். இன்று தரையில் நான்கு வெளிறிய வட்டங்கள் மட்டும் இருக்கின்றன. அக்கா அவற்றையே பார்க்கிறாள். “வேன்லேர்ந்து நாற்காலியை இறக்குடா. அது இல்லாம இந்த ஆட்டம் செல்லாது.” தம்பி அதைத் தூக்கி வந்து, நான்கு கால்களையும் அந்த வட்டங்களில் பார்த்துப் பார்த்து வைக்கிறான்.