ஏற வேண்டிய முள்

"பம்ப் போச்சு. நாளைக்குப் பந்தயத்தை மறந்துடு," என்றான் கணவன்.

"மறக்க மாட்டேன்," என்றாள் அவள். முழங்கை வரை கிரீஸ்.

பழைய சின்னக் கார். அதில் பெரிய எஞ்சினை வைத்து, வேகம் கூட்ட டர்போ மாட்டி, தரையை உரசுகிற மாதிரி தாழ்த்தியிருந்தாள். எல்லாம் அவள் கைவேலை. பம்ப் எவ்வளவு அழுத்தத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோலை அனுப்புகிறது என்று காட்ட முன்னால் ஒரு மீட்டர். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முள் ஏற வேண்டும். காலையிலிருந்து இறங்குகிறது. அப்படியே பந்தயத்தில் விரட்டினால் பெட்ரோல் பத்தாமல் பிஸ்டன் உருகிவிடும்.

ஷெட் வாசலில் நாற்காலி போட்டு மாமியார்.

"குடும்பப் பொண்ணு செய்யற வேலையா இது? நல்லதாப் போச்சு. வீட்ல கிட."

"கிடக்க மாட்டேன் அத்தை."

"சும்மா இரும்மா," என்று கணவன் பரிந்து வந்தான். "போன பந்தயத்துல என்னையே முந்தினவ இவ. ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்." அவள் பக்கம் திரும்பினான். "ஆனா இந்தத் தடவை விட்டுடு. எஞ்சினே போயிடும்."

"மீட்டர் பொய் சொல்லலாம்ல?"

வேறு மீட்டரை மாட்டித் தெருமுனை வரை விரட்டினாள். அதிலும் முள் இறங்கியது. மீட்டர் பொய் சொல்லவில்லை.

ஃபில்டரைக் கழற்றி ஊதினாள். காற்று தாராளமாகப் போனது. கரண்ட் சரியாக வரவில்லையோ என்று பம்புக்கு பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தாள். அப்போதும் அதே கதை.

"சொன்னா கேளேன். பம்புதான்."

"புதுப் பம்பு. மிச்சம் பெட்ரோல் குழாய்தான். ஜாக்கை எடுங்க."

"எதுக்கு வீணா..."

அவளே எடுத்து வந்தாள். காரைத் தூக்கி, முட்டுக் கொடுத்து, மல்லாந்து அடியில் நுழைந்தாள்.

வெளியே வந்தபோது கையில் ஒரு திருகு கிளிப். ரப்பர் குழாயை நெரித்துக்கொண்டிருந்தது அதுதான். மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும்போது குழாயை அடைக்கிற கிளிப்.

அந்த வீட்டில் மீன் வளர்ப்பது மாமியார்.

"அத்தை, இது உங்களுதா?"

"என்னுதுதான்."

"பிடிக்கலைன்னா நேரா சொல்லிட்டுப் போங்க. இதென்ன வேலை? யார் தடுத்தாலும் நான் போகத்தான் போறேன்!"

கணவன் தலையில் அடித்துக்கொண்டான். "ஏம்மா இப்படிப் பண்ணினே?"

மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏண்டா, இந்த நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்கவே உன் தோள் வேணும் எனக்கு. மடங்காத முட்டியை வச்சுக்கிட்டு நானா காருக்கு அடியில போய்ப் படுத்தேன்?"

அவன் குனிந்து ஜாக்கைத் திருகிக் காரை இறக்கினான்.

மருமகள் அவனையே பார்த்தாள். காரில் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்பினாள்.

"ஏறுதா?" என்றாள் மாமியார்.

"ஏறுது."

"நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ."

"உங்களுக்குத்தான் பிடிக்காதே?"

"இப்பவும் பிடிக்கலை. ஆனா கைதட்ட ஒரு ஆள் வேணுமே. போன தடவை நீ கோப்பையோட வாசல்ல வந்து நின்னப்போ இவனும்தான் தட்டினான். பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். சத்தமே வரலை."