இரண்டு அங்குல மடிப்பு

சிரிக்கத்தான் போகிறீர்கள். ஆனால் தையல்காரர் சிரித்த பிறகு. அவர் சிரிக்க ஒரு வருஷம் பிடித்தது.

அவருடைய மூத்தவளுக்கு வீட்டில் ரேடியோ என்று பேர். யார் குரலையும் அப்படியே உரித்து வைப்பாள். துணிக்கடைக்காரர் குரலில் கூப்பிட்டு, பெற்ற அப்பனையே கொட்டும் மழையில் கடை வரை நடக்கவிட்டவள். அன்றிலிருந்து அவள் சொல்வது எதையும் அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

சின்னவன் வேறு ரகம். இரண்டு வருஷத்துக்கு முன் மாடிப்படியில் உருண்டு தலையில் அடிபட்டவன். காயம் ஆறிவிட்டது. ஆனால் எந்நேரமும் அசதி, தூக்கம். சோம்பேறி என்று தையல்காரர் முத்திரை குத்திவிட்டார்.

அவனுடைய பள்ளி முழுக்கால்சட்டையை மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார்.

"வளர்ற பிள்ளையாச்சேன்னு ரெண்டு அங்குலம் உள்ளே மடிச்சு வெச்சேன். ரெண்டு வருஷமாச்சு, இன்னும் பிரிக்கலை. நம்ம தையல் அப்படி."

ரேடியோ மூன்று முறை வாயைத் திறந்தாள். தலையில் அடிபட்டால் ஹார்மோன் என்று ஆரம்பித்ததுமே, இது யார் குரல் என்று கேட்டு அடக்கிவிட்டார்.

பிறகு ஒருநாள் சின்னவனின் வகுப்பு டீச்சரே போனில் வந்தார். மூக்கால் பேசி, மூச்சுக்கு ஒரு 'புரியுதா' போடும் அதே டீச்சர்.

"தையல் உழைக்குதுன்னு நினைக்காதீங்க. பையன் வளரவே இல்லை, புரியுதா? தலையில அடிபட்ட பிள்ளைக்கு ஹார்மோன் குறையலாம். நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க, புரியுதா?"

தையல்காரர் கையிலிருந்த கத்தரி நழுவியது.

பரிசோதனையில் தெரிந்தது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவுச் சுரப்பி ஒன்று. அடிபட்ட நாளிலிருந்து அது சரியாக வேலை செய்யவில்லை. இப்போதாவது வந்தீர்களே என்றார் டாக்டர். தினம் மாத்திரை, தினம் ஊசி.

அசதி ஓடிப்போனது. ஒரே வருஷத்தில் மடிப்பைப் பிரித்தும் கணுக்கால் தெரிந்தது. தான் தைத்தது பத்தாமல் போனதற்காக வாய்விட்டுச் சிரித்த ஒரே தையல்காரர் அவராகத்தான் இருப்பார்.

பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு நேரே பள்ளிக்குப் போனார்.

"போன வருஷம் இதே மாசம் நீங்க மட்டும் போன் பண்ணலைன்னா இவன் அப்படியே நின்னிருப்பான் டீச்சர்."

டீச்சர் விழித்தார்.

"நானா? அந்த மாசம் முழுக்க எனக்குத் தொண்டையில ஆபரேஷன். வீட்டுக்காரரோட சண்டையே எழுதிக் காட்டித்தான் போட்டேன், புரியுதா?"

தையல்காரருக்குப் புரிந்தது. மெல்லத் திரும்பினார். மகளைக் காணோம்.

சின்னவனின் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. ஒளிந்துகொள்ள இடம் தரும் அளவுக்கு வளர்ந்துவிட்ட முதுகு.

"முதல்ல மூணு தடவை என் குரல்லதான் சொன்னேம்ப்பா."