சார்ஜ் எங்கே போகுது?

“நாற்பது பக்கத்தை ஒண்ணா திறந்து போட்டுக்கிட்டு உட்கார்ந்தா பேட்டரி எப்படித் தாங்கும்? இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு ஒரு பொருளை வெச்சுக்கத் தெரியல!”

லேப்டாப் சர்வீஸ் கடையில் கால் வைத்ததிலிருந்து அப்பா ஓயவில்லை. நாற்பது என்று அவர் எப்படி எண்ணினார் என்று யாரும் கேட்கவில்லை. மகள் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினாள்.

வேலை போய் ஒரு வருஷமாக வீட்டில் இருந்தவளுக்கு மறுநாள் காலை இன்டர்வியூ. சொந்த லேப்டாப்பில் மூன்று மணி நேரம் அங்கேயே வேலை செய்து காட்ட வேண்டும். மேஜையில் பிளக் பாயின்ட் கிடையாதாம். வீட்டில் எப்போதும் வயரைச் சொருகியே வைத்திருந்ததால் இத்தனை நாள் தெரியவில்லை. கழற்றினால் ஒரு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது.

மெக்கானிக் பேட்டரியைச் சோதித்தார். ஸ்கிரீனை உற்றுப் பார்த்தார்.

“பேட்டரி கல்லு மாதிரி இருக்கு சார். உள்ளே ஒரு புரோகிராம் ஒளிஞ்சு ஓடுது. ஸ்கிரீனைப் படம் பிடிச்சுப் பிடிச்சு யாருக்கோ அனுப்பிக்கிட்டே இருக்கு. சார்ஜை அதுதான் குடிக்குது.”

அப்பாவுக்குத் திக்கென்றது.

“வைரஸா இருக்கும்” என்றார் அவசரமாக.

“இல்ல சார், யாரோ தெரிஞ்சே போட்டது. எடுக்க பாஸ்வேர்ட் கேட்குது. போட்டவங்க சொன்னா அஞ்சு நிமிஷ வேலை. இல்லேன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தணும். நாளைக்கு சாயங்காலம் ஆயிடும்.”

போட்டவர் அவரேதான். வேலை போன புதிதில் மகள் கதவைச் சாத்திக்கொண்டு யாரோடும் பேசாமல் கிடந்தாள். என்ன செய்துகொள்வாளோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். நேரில் கேட்கத் தைரியம் வராமல் திருட்டுத்தனமாக இதைப் போட்டார்.

தினமும் லேப்டாப்பை மூடுமுன் அவள் ஒரு வரி தட்டுவாள். ‘இன்னைக்குப் பரவாயில்லை.’ அது அவர் போனுக்கு வந்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

இப்போது உண்மையைச் சொல்லிவிட்டு, மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

“அழிச்சுடுங்க அண்ணா” என்றாள் மகள். “வேற இன்டர்வியூ வரும்.”

அப்பா நிமிர்ந்தார். இந்த ஒன்றுக்காக அவள் எப்படி ராப்பகலாகத் தயார் செய்தாள் என்று அவருக்குத்தானே தெரியும்!

“கொஞ்சம் தள்ளுங்க தம்பி.”

பாஸ்வேர்டைத் தட்டினார். புரோகிராம் போயே போய்விட்டது. மெக்கானிக் நாகரிகமாக, இல்லாத ஸ்குரூ டிரைவரைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

“தப்புதாம்மா. மன்னிச்சுடு” என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி.

“போட்ட மறுநாளே தெரியும்ப்பா.”

“தெரிஞ்சுமா விட்டு வெச்சே?”

மகள் சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

“பின்னே, ‘இன்னைக்குப் பரவாயில்லை’ன்னு தினமும் யாருக்குப்பா டைப் பண்ணேன்?”