பிடுங்கப்படாத பலகை
கனடாவின் சஸ்காட்செவனில் நவம்பர் காலை விடிந்தும் விடியாத சாம்பல் நிறத்தில் நிற்கிறது. இடைத்தேர்தல்களையும் சேர்த்து நேற்று நான்காவது முறையாக நகரமன்றத் தேர்தலில் தோற்ற ட்ரெவர் மெல்னிச்சுக், வயது இருபத்துநான்கு, ஊர் மூதாட்டி மார்லீன் வீட்டுப் புல்வெளியில் மண்டியிட்டுத் தன் பிரச்சாரப் பலகையைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். மண் உறைந்துவிட்டதால் கம்பிக்கால்கள் வர மறுக்கின்றன. ஊரில் அவனை விடாமல் பிடித்துக்கொண்டது இந்த மண் ஒன்றுதான். பலகையில் அவன் பெயருக்குக் கீழே நான்கு தேர்தலாக மாறாத ஒரே வாக்குறுதி: ‘ரயில் கடவைக்கு விளக்கு.’ சாலை தண்டவாளத்தைக் கடக்கும் அந்த இடத்தில்தான் ஆறு வருடத்துக்கு முன் அவன் தம்பி இருட்டில் காரோடு ரயிலில் அடிபட்டுச் செத்தான். கதவு திறக்கிறது. மார்லீனின் கையில் காபி ஆவி விடுகிறது.

“அதை விட்டுடுப்பா, அங்கேயே இருக்கட்டும்.”

கம்பியைப் பிடித்த கை அப்படியே நிற்கிறது. “அப்போ எனக்கா ஓட்டுப் போட்டீங்க?”

“பொய் சொல்லுவானேன். பென்சிலை உன் பேர்கிட்டதான் கொண்டுபோனேன். விளக்குன்னா வரி ஏறும்லப்பா, பழைய ஆளுக்கே போட்டுட்டேன். இந்தப் பலகை நின்னா பனி தள்ளுற வண்டிக்காரனுக்கு ரோட்டோரப் பள்ளம் எங்கன்னு தெரியும். போன வருஷம் என் வேலியையே வாரிட்டுப் போயிட்டான்.”

ட்ரெவர் பாதி பிடுங்கிய பலகையைத் திரும்ப ஊன்றி, பூட்ஸ் காலால் மிதித்து இறுக்குகிறான். சாலைப் பக்கம் அதன் முகத்தைத் திருப்பி வைத்து, எழுத்தின் மேலிருந்த பனியைக் கையுறையால் துடைக்கிறான்.

“வண்டிக்காரன் விடியறதுக்கு முன்னாடியே வந்துடுவான். இது இருட்டுல தெரியுமா?” என்கிறாள் மார்லீன்.

ட்ரெவர் கடவைப் பக்கம் பார்க்கிறான்.

“தெரியாதும்மா.”