முந்தி ஓடும் வாட்ச்

மாமனாரின் பழைய சுவிஸ் வாட்சைக் கட்டிக்கொண்டு கனகவல்லி வேலைக்குப் போனாள். காலையில் சாவி கொடுத்தால் போதும். யாரிடமும் மணி கேட்காமல் அதுபாட்டுக்கு ஓடும்.

போனைக் கேட்டிலேயே வாங்கிவைத்துக்கொள்ளும் கம்பெனி அது. ஷிப்ட் முடிந்தபோது கம்பெனிக் கடிகாரத்தில் ஐந்து, அவள் கையில் ஏழு. வீட்டில் ஒழுங்காக ஓடும் வாட்ச், கம்பெனிக்குள் மட்டும் தினமும் முந்தியது.

"பழைய வாட்சும்மா, ஏசி ஒத்துக்கல. குடுங்க, நாங்களே சரிபண்ணித் தர்றோம்" என்றார் சூப்பர்வைசர், அன்பாக.

மறுநாள் இரண்டிலும் ஐந்து. நிம்மதியாக வீட்டுக்கு வந்தாள்.

"மணி எட்டு. பாப்பா உன்னைப் பாத்துப் பாத்துத் தூங்கிட்டா" என்றான் கணவன்.

கனகவல்லி கையை நீட்டினாள். "ஆறுதாங்க ஆகுது. நம்ம கடிகாரத்தையும் கழட்டிக் குடுங்க, கம்பெனில சரிபண்ணித் தருவாங்க."