வாக்குத் தவறாதவள்

விழுப்புரம் பத்திரிகை அலுவலகத்தில், நிருபர் கலைப்பிரியாவின் எதிரே உட்கார்ந்தாள் வீரம்மாள். மனநோய்க்கு மகனைப் பறிகொடுத்தவள். பேச வேண்டும் என்று அவளாகவே ஓமந்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

கலைப்பிரியா போனில் ஒலிப்பதிவைத் தொடங்கினாள்.

"உங்க பேரை மாத்திடுவேன்மா. போட்டோ போட மாட்டேன்."

"சரிம்மா."

"சொல்லப் பிடிக்காததைச் சொல்ல வேணாம்."

"சரிம்மா."

"கட்டுரை வந்ததும் நீங்க பேசினதை அழிச்சிடுவேன்."

வீரம்மாள் நிமிர்ந்தாள். "அழிச்சிடுவியா?"

"நம்பிப் பேசறவங்க குரல் வேற யார் கைக்கும் போயிடக் கூடாதில்ல? பத்து வருசமா ஒருத்தர்கிட்டயும் வாக்குத் தவறினதில்லம்மா."

"ஒருத்தர்கிட்டயுமா?"

"ஒருத்தர்கிட்டயும்."

வீரம்மாள் மூடியிருந்த கையை மடியில் இறக்கி வைத்தாள்.

"எம்புள்ள தேவா, சாவறதுக்கு முன்ன, நீ பேப்பர்ல எழுதறதுக்காக, இதே மாதிரி உன் போன்ல பதிய உங்கிட்டதாம்மா மனசு வுட்டுப் பேசினான். வூட்டுல அவன் போட்டோ இருக்குது, சட்டை இருக்குது. கொரலு மட்டும் எதுலயும் இல்ல. உங்கிட்ட இருக்கும்னு நெனச்சிக்கினு வந்தேன்."

பாட்டு ஏற்றும் கடையில் வாங்கி, அதுவரை உள்ளங்கையில் மூடி வைத்திருந்த புது மெமரி கார்டை, அவள் சுருக்குப் பையில் திரும்பப் போட்டுக்கொண்டாள்.