அழித்துக் காட்டுதல்

மென்பொருள்காரர்கள் கூடிப் பேசும் அந்த அரங்கில் அன்று மின்விசிறியில் மட்டும்தான் ஆள் தொங்கவில்லை. அங்கயற்கண்ணி மேடையேறி, "டேட்டா அத்தனையும் அழிஞ்சாலும் மீட்டுரலாம். பயப்படாதீங்க, இது ஒத்திகை சர்வர்தான்" என்று கட்டளையைத் தட்டினாள். அவள் கம்பெனி ஆப்பில் இருந்த ரத்தக் கொடையாளர்கள் ஏழு மாவட்டத்தோடு காணாமல் போனார்கள். இன்னொரு தட்டு தட்டியதும் தக்காளி தங்கராசு, ஊசிக்குப் பயந்த உலகம்மாள் என்று ஒத்திகைக்காக அவள் விளையாட்டாக உருவாக்கியிருந்த பெயர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கைதட்டலில் கூரை ஒரு முழம் எழும்பி இறங்கியது.

அப்போதுதான் மடிக்கணினித் திரையின் மேல்விளிம்பைப் பார்த்தாள். ஒத்திகை சர்வருக்குப் பச்சைக் கோடு, மக்கள் பயன்படுத்தும் நிஜ சர்வருக்குச் சிவப்பு. யாரும் தவறிவிடக் கூடாதென்று அவளே வைத்த வழக்கம். கோடு செக்கச்செவேலென்று எரிந்தது.

போன் அதிர்ந்தது. அலுவலகத்திலிருந்து மாடசாமி.

"யக்கா, ஆஸ்பத்திரில பிரசவ கேஸாம். ஓ நெகட்டிவ்னு நம்ம ஆப்ல தக்காளி தங்கராசு ஒருத்தரைத்தான் காட்டுதாம். போன் போட்டா அப்படி நம்பரே இல்லைங்குதாம். யாருக்கா அவரு?"

அரங்கில் கேள்வி கேட்கக் கைகள் உயர்ந்திருந்தன. அவள் மைக்கைப் பிடித்து, "உங்கள்ல யாருக்காவது ஓ நெகட்டிவ் ரத்தமா?" என்றாள். குரல் நடுங்கியது.

"அக்கா, செம ஆக்டிங்!" என்று பின்வரிசையில் ஒருவன் விசிலடித்தான்.